க்ரே மார்க்கெட்டில் கேமரா வாங்கும் முன்: பில், பெட்டி, வாரண்டி, செலவு

முதல் கேமரா வாங்கப் போகும் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பத்துக்கு வந்துவிடுவார்கள். ஷோரூமில் ஒரு விலை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பர்மா பஜாரிலோ விசாரித்தாலும், டில்லி சாந்தினி சௌக்கிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் விலைப்பட்டியலைப் பார்த்தாலும் அதே மாடல் பல ஆயிரம் ரூபாய் குறைவு. "அதே பீஸ்தான் சார், இம்போர்ட்டட், பெட்டிகூடப் பிரிக்கல" என்பார்கள். பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். அதே தொழிற்சாலை, அதே சென்சார், அதே படம். அப்படியானால் விலை ஏன் குறைகிறது? எதையோ கழித்திருக்கிறார்கள். எதைக் கழித்தார்கள், அது உங்களுக்குத் தேவையா என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

நான் இப்படி வாங்கிய ஒரு லென்ஸில் ஆட்டோஃபோகஸ் மோட்டார் நின்றுபோனது. விற்ற கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் நடுவில் அலைந்தபோது கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. 'இம்போர்ட்டட்' என்றால் எந்த வகை என்று கேளுங்கள்

கம்பெனியின் அதிகாரபூர்வ விற்பனை வழியில் வராத சரக்கை க்ரே என்பார்கள். அந்த ஒரே பேரில் நான்கு விதமான சரக்கு வருகிறது.

முதல் வகை: வெளிநாட்டில் மொத்தமாக வாங்கி, சுங்க வரி கட்டி, ஜிஎஸ்டி பில்லோடு விற்பது. கம்பெனியின் இந்திய வாரண்டி மட்டும் இருக்காது. அதற்குப் பதிலாகக் கடை வாரண்டி என்று ஒன்று தருவார்கள். இப்படி இறக்குமதி செய்து விற்பது சட்டத்துக்கு எதிரானது என்று பலர் நினைக்கிறார்கள். 2012-ல் சாம்சங் பிரிண்டர் இறக்குமதி வழக்கில், அசல் பொருளை இப்படி வாங்கி விற்கலாம் என்று டில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. கூடவே ஒரு நிபந்தனை வைத்தது: இது இறக்குமதிப் பொருள், இதற்குத் தயாரிப்பாளரின் வாரண்டி கிடையாது என்பதைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதி வைத்திருக்கும் கடையோடு தைரியமாகப் பேச்சைத் தொடரலாம்.

இரண்டாம் வகை: பயணிகளின் பெட்டியிலோ வேறு வழியிலோ வரி கட்டாமல் வந்தது. பில் இருக்காது, அல்லது வெள்ளைத் தாளில் ஒரு எஸ்டிமேட் தருவார்கள். விலை மிகக் குறைவாக இருப்பது இங்கேதான். வரி கட்டாமல் வந்த பொருளைச் சுங்கத் துறை பறிமுதல் செய்ய முடியும் என்பதால் இதில் நான் கை வைக்கவே மாட்டேன்.

மூன்றாம் வகை: ரீஃபர்பிஷ்ட் (பழுது நீக்கிப் புதுப்பித்தது), டெமோ பீஸ் (கடையில் காட்டுவதற்கு வைத்திருந்தது), வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தது. அப்படி என்று சொல்லி விற்றால் ஒன்றும் தப்பில்லை. மறுபடி பேக் செய்து புதிது என்று விற்பதில்தான் சிக்கல்.

நான்காவது, திருட்டுப் பொருள். சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தாலோ அதன்மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ விலைகூடக் கேட்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி முதல் வகையைப் பற்றியது. மற்றவை அந்த வேஷத்தில் வரும்போது எப்படி அடையாளம் காண்பது என்பதும் கூடவே வரும்.

2. விலை வித்தியாசத்தைத் தாளில் எழுதிக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. கடைக்குக் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்துவிடுங்கள்.

உதாரணத்துக்கு, ஒரு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஷோரூமில் 1,77,000 ரூபாய், க்ரேயில் பில் இல்லாமல் 1,48,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 29,000. டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 2019 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். ஆக அந்த 1,77,000-ல் பொருளின் விலை 1,50,000, வரி 27,000. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்துக் கல்யாண, விளம்பர வேலை செய்பவராக இருந்தால், அந்த 27,000-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். உங்களுக்கு உண்மையான வித்தியாசம் 2,000 ரூபாய்தான். இரண்டாயிரத்துக்காகக் கம்பெனி வாரண்டியை விடுவதில் எந்த அர்த்தமும் இல்லை. இதைச் சொல்லாமலேயே "பில் வேண்டாம்னா கம்மி பண்றேன்" என்று தொழில்முறைக் கலைஞர்களிடமும் பேரம் பேசுகிறார்கள். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்களுக்கு இந்த வரிச் சலுகை கிடையாது. அவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு 29,000 முழுசாக வித்தியாசம்தான். அதிலிருந்து கழிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள்:

ஷோரூம் விலையோடு வரும் சலுகைகள். மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, பதிவு செய்தால் நீளும் வாரண்டி, தீபாவளி சமயத்துக் கேஷ்பேக், வட்டியில்லாத் தவணை. க்ரே விலையை எப்போதும் பண்டிகைக் காலத்து ஷோரூம் விலையோடு ஒப்பிடுங்கள். சாதாரண மாதத்து விலையோடு ஒப்பிட்டால் கணக்கு தவறும்.

மறுவிற்பனை. பழைய கேமரா வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வியே "பில், பெட்டி இருக்கா?" என்பதுதான். இல்லையென்றால் அங்கேயே விலை இறங்கும். இரண்டு வருஷத்தில் பாடி மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு இந்த இறக்கம் கண்டிப்பாக உண்டு.

பழுது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, அந்த மாடலில் ஷட்டர் மாற்ற, மெயின் போர்டு மாற்ற, மவுண்ட் மாற்ற என்ன ஆகும் என்று கேளுங்கள். சும்மா கேட்டாலே சொல்வார்கள். மெயின் போர்டு விலையைக் கேட்டதுமே உங்கள் முடிவு மாறலாம்.

வேலை நின்றால் வரும் நஷ்டம். முகூர்த்த மாதத்தில் ஒரு பாடி மூன்று வாரம் இல்லாமல் போனால் வாடகைக்கு எடுக்க என்ன ஆகும்? உங்கள் ஊர் வாடகைக் கடையில் ஒரு நாள் வாடகையைக் கேட்டு, அந்த வாரங்களில் எத்தனை நாள் வேலை இருக்கிறதோ அத்தனையால் பெருக்குங்கள்.

இவ்வளவும் கழித்த பிறகும் நல்ல தொகை மிச்சமானால் அடுத்த படிக்குப் போங்கள்.

3. எந்தப் பொருளுக்கு இது சரிப்படும் என்று பிரியுங்கள்

எல்லாப் பொருளுக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை. கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ், ட்ரைபாட், ஃபில்டர் போன்றவற்றில் மின்னணு பாகம் இல்லை. அவற்றில் வாரண்டி பெரிதாகத் தேவைப்படாது. நல்ல பில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஆட்டோஃபோகஸ், ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸ் நடுத்தரம். மிரர்லெஸ் பாடியில்தான் ஆபத்து அதிகம். மெயின் போர்டு, சென்சார், ஷட்டர் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

பேட்டரியையும் மெமரி கார்டையும் க்ரேயில் வாங்கவே வேண்டாம். போலி அதிகம் புழங்குவது இந்த இரண்டில்தான். போலி பேட்டரி கேமராவுக்குள் உப்பிக்கொண்டால் வெளியே எடுக்க வராது. போலி கார்டு தன் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, பாதிக்கு மேல் எழுதும்போது படங்களை அழித்துவிடும். ஒரு கல்யாணமே அதில் போயிருக்கும், வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் தெரியும்.

4. பெட்டியைப் படியுங்கள்

அதிகாரபூர்வமாக வந்ததா என்று பார்க்க மிக எளிதான சோதனை இது. 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, இந்தியாவில் விற்கும் இறக்குமதிப் பெட்டியின் மேல் சில விவரங்கள் இருந்தே ஆக வேண்டும்: இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, மாதம், வருஷம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி, மின்னஞ்சல். வழக்கமாக ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் இருக்கும்.

இறக்குமதியாளர் என்ற இடத்தில் கேனான் இந்தியா, நிகான் இந்தியா, சோனி இந்தியா, ஃபியூஜிஃபிலிம் இந்தியா என்று அந்தந்த பிராண்டின் இந்திய நிறுவனம் இருந்தால் அது கம்பெனி சரக்கு. வேறு வியாபாரியின் பெயர் இருந்தால் முதல் வகை க்ரே. ஸ்டிக்கரே இல்லையென்றால் இரண்டாம் வகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் "பெட்டி மாத்தினதுல ஸ்டிக்கர் போயிடுச்சு" என்று சொன்னால், பெட்டியை ஏன் மாற்றினார்கள் என்ற கேள்வி தானாக வருகிறது.

பெட்டிக்குள் இருக்க வேண்டியவற்றின் பட்டியலைக் கம்பெனியின் இந்தியத் தளத்திலிருந்து போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். க்ரேயில் வழக்கமாக நடக்கும் வித்தை, பெட்டியைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பது. பாடியோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸைத் தனியே எடுத்து 'ஒயிட் பாக்ஸ்' என்று விற்பார்கள். பாடியை மட்டும் உங்களிடம் கொடுப்பார்கள். அசல் பேட்டரிக்குப் பதில் வேறு ஒன்று இருக்கும். ஸ்ட்ராப், ஐகப், பாடி கேப் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்க வேண்டும். பின் மட்டும் வேறு வடிவமாக இருந்தால் ஒரு அடாப்டர் போதும்.

5. சீரியல் எண்ணை வைத்துக் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்

பெட்டியில், பாடியின் அடியில், வாரண்டி அட்டையில் என மூன்று இடத்திலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். லென்ஸுக்கும் அப்படியே. கடைக்காரர் சீரியல் எண்ணைப் படம் எடுக்கவிட மாட்டேன் என்றால், அங்கே வாங்க வேண்டாம்.

எண் கிடைத்ததும், பணம் கொடுக்கும் முன்பே, கம்பெனியின் இந்திய வாடிக்கையாளர் மையத்தைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த எண் இந்தியாவில் விற்பதற்காக வந்ததா? இல்லையென்றால், பழுதானால் காசு வாங்கிக்கொண்டாவது பார்ப்பீர்களா? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். வாரண்டி இல்லை என்பதற்கும் சர்வீஸே இல்லை என்பதற்கும் நிறைய தூரம். அமெரிக்காவில் நிகான், க்ரே பொருளைக் காசு கொடுத்தாலும் பழுதுபார்ப்பதில்லை என்பதை நீண்ட காலமாகக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. அங்கே இருக்கும் உறவினர்கள் உங்களுக்காகக் குறைந்த விலையில் தேடும்போது இதைச் சொல்லுங்கள்.

போனில் கிடைத்த பதிலை மின்னஞ்சலிலும் கேட்டு வாங்கி வையுங்கள். முடிந்தால் வார நாளில், மதியத்துக்கு முன் கடைக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் வாடிக்கையாளர் மையம் மூடியிருக்கலாம், கடைக்காரரோ இன்றே முடித்துவிடச் சொல்லி அவசரப்படுத்துவார்.

6. பில்லில் என்ன இருக்க வேண்டும்

பில் தருகிறேன் என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தப் பில் என்று பாருங்கள்.

ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டும் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாட்டுக்கு 33, டில்லிக்கு 07, மகாராஷ்டிராவுக்கு 27. ஜிஎஸ்டி தளத்தில் இந்த எண்ணைப் போட்டுத் தேடினால் கடையின் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா, கடைசியாக எப்போது கணக்குத் தாக்கல் செய்தார்கள் என்பதெல்லாம் வரும். கட்டணம் கிடையாது. பதிவு ரத்தானதாகக் காட்டினால் அந்தப் பில் வெறும் காகிதம்.

பொருளின் விவரத்தில் பிராண்டு, மாடலின் முழுப் பெயர், சீரியல் எண் மூன்றும் வேண்டும். 'கேமரா - 1' என்று மட்டும் போட்டிருந்தால் திருப்பி எழுதச் சொல்லுங்கள். கேமராவின் எச்எஸ்என் குறியீடு (ஜிஎஸ்டியில் பொருளின் வகையைச் சொல்லும் எண்) 8525-ல் தொடங்கும், லென்ஸ் 9002-ல் வரும். வேறு ஏதோ பொருளின் பெயரில் பில் போட்டுக் கொடுக்கும் கடைகளும் உண்டு. தொகை சரியாக இருப்பதைப் பார்த்து நாம் மடித்துப் பையில் வைத்துவிடுவோம். பிறகு அந்தப் பில்லை எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஏற்காது.

உள்ளீட்டு வரி எடுப்பவர்கள் பில்லில் தங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் போடச் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கணக்கில் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அந்தப் பில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வரியை எடுக்க முடியாது.

7. கடை வாரண்டியை எழுத்தில் வாங்குங்கள்

'ஒரு வருஷம் கடை வாரண்டி' என்ற நான்கு சொல்லுக்குள் எதையும் அடைக்கலாம். என் லென்ஸ் விஷயத்தில் அலைந்தது இதனால்தான். வாரண்டி உண்டு என்று கடையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் உதிரிபாகம் எங்கிருந்து வரும், எத்தனை நாளில் வரும், அதுவரை என்ன செய்வது என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்றார்கள்.

பில்லின் பின்பக்கமோ கடையின் லெட்டர்ஹெட்டிலோ இவற்றை எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்: உதிரிபாகம், கூலி இரண்டும் சேருமா; பழுது பார்ப்பது கம்பெனி சர்வீஸ் சென்டரா, வெளி மெக்கானிக்கா; அதிகபட்சம் எத்தனை நாள்; அந்த நாளுக்குள் முடியாவிட்டால் மாற்றுப் பொருளா, பணமா; வாங்கிய முதல் ஏழு நாளில் கோளாறு வந்தால் நேரடியாக மாற்றித் தருவார்களா; கூரியர் செலவு யாருடையது. கடைசியில் கேட்டது வெளியூர்க்காரர்களுக்கு முக்கியம். திருநெல்வேலியில் இருந்துகொண்டு சாந்தினி சௌக்கில் வாங்கினால், ஒவ்வொரு முறையும் இன்ஷூரன்ஸோடு பார்சல் அனுப்பும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

இதை எழுதித் தர நல்ல கடைக்காரர் தயங்க மாட்டார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குவதில் எனக்கு இன்றும் மறுப்பு இல்லை.

8. எந்த நாட்டுக்கான மாடல் என்று பாருங்கள்

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும். மாற்ற வழி கிடையாது. விலை கவர்ச்சியாக இருக்கும் பல சோனி பாடிகள் இந்த ரகம். பெட்டியைத் திறந்ததும் முதலில் மெனுவுக்குப் போய் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

அடுத்து வீடியோ. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் திரையில் பட்டை ஓடாமல் இருக்க 25, 50 ஃபிரேம் வேகம் வேண்டும். மெனுவில் PAL (50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான வீடியோ முறை) அமைப்புக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவுக்குப் போன சில பழைய மாடல்களில் வீடியோ 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். அது அங்குள்ள வரி விதிக்காகச் செய்த ஏற்பாடு. தாலி கட்டும் நேரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

9. கடையிலேயே சோதனை செய்யுங்கள்

அரை மணி நேரம் வேண்டும். லேப்டாப்பும் நம்பகமான கடையில் வாங்கிய ஒரு மெமரி கார்டும் கொண்டு போங்கள்.

லென்ஸ் மவுண்ட் வளையத்தைப் பாருங்கள். பலமுறை லென்ஸ் மாற்றியிருந்தால் உலோகத்தில் உராய்வுக் கோடு தெரியும். ஃப்ளாஷ் மாட்டும் ஹாட்ஷூவில் பெயிண்ட் உரிந்திருந்தால் அது புதிதில்லை. ஸ்க்ரூ தலைகளில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

மூடியைப் போட்டு ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். கறுப்புக்குள் சிவப்பு, நீலப் புள்ளிகள் இருந்தால் சென்சாரில் கெட்ட பிக்சல்கள். லென்ஸ் துளையை எஃப்16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி தெரியும். ஆட்டோஃபோகஸை மங்கிய வெளிச்சத்திலும் பாருங்கள். கார்டு வாய் இரண்டு இருந்தால் இரண்டிலும் எழுதிப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ, யுஎஸ்பி, வைஃபை எல்லாவற்றையும் ஒருமுறை இணையுங்கள்.

ஷட்டர் கவுண்ட்டை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணைப் பார்க்க, கேமராவிலிருந்து நேராக எடுத்த ஜேபெக் கோப்பு வேண்டும். நிகான், சோனி கேமராக்களில் பெரும்பாலும் கோப்பின் உள்விவரத்திலேயே எண் இருக்கும், அதைப் படித்துக் காட்டும் தளங்கள் உண்டு. கேனானில் பல மாடல்களில் இது கோப்பில் இராது. புதுப் பெட்டியில் சில பத்துகள் இருப்பது பெரிய விஷயமில்லை. ஆயிரக்கணக்கில் இருந்தால் டெமோ பீஸ். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தவை பல கேமராக்களில் இந்தக் கணக்கில் சேராது என்பதால் எண் குறைவாக இருப்பதை மட்டும் நம்பவும் முடியாது.

பெட்டி பிரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் போனில் ஒரே வீடியோவாக, வெட்டாமல் எடுங்கள். சீரியல் எண் அதில் தெரிய வேண்டும். கூரியரில் வரவழைத்தால் பார்சல் ஒட்டுநாடாவை வெட்டும் முன்பே வீடியோ ஓடட்டும்.

10. பணம் கொடுப்பது

கடையின் பெயரில் உள்ள கணக்குக்கு, வங்கி வழியாக மட்டும். தனிநபர் கணக்குக்கு யுபிஐ போடச் சொன்னால் பில்லுக்கும் பணத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். கிரெடிட் கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல் கேட்பார்கள். அதைக் கொடுத்தாலும் தகராறு வரும்போது வங்கியில் முறையிட ஒரு வழி இருக்கும். ரொக்கமாக 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை. தொழிலுக்கு வாங்கும் கருவிக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகைக்குத் தேய்மானமும் கணக்கில் கிடைக்காது.

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் முன்பணம் கேட்பவர்கள் தனி ரகம். 'சுங்கத்தில் மாட்டியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் போடுங்கள்' என்று அடுத்தடுத்துக் கேட்டால் அது மோசடி. உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணைக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

11. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மச்சானிடம் சொல்லி வாங்கி வரச் சொல்வது நம் குடும்பங்களில் வழக்கம். இதிலும் கணக்கு உண்டு.

2016-ம் ஆண்டின் பயணப் பொதி விதிகளில், திரும்பி வரும் இந்தியருக்கு வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பு 50,000 ரூபாய் என்றும், அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 38.5 சதவீத வரி என்றும் இருந்தது. இந்த எண்கள் பட்ஜெட்டை ஒட்டி மாறுபவை. கிளம்பும் வாரத்தில் சுங்கத் துறையின் தளத்தில் நடப்பு வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த விதிகளில் ஒருவரின் வரம்பை இன்னொருவரின் வரம்போடு சேர்க்க முடியாது. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தாலும் ஒரு கேமராவுக்கு ஒருவரின் வரம்புதான். வரம்பைத் தாண்டினால் சிவப்பு வழியில் போய் அறிவித்து, வரி கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ரசீதுதான் பிறகு உங்கள் கேமராவுக்குப் பிறப்புச் சான்றிதழ்.

சிங்கப்பூரில் 9 சதவீத ஜிஎஸ்டியைச் சுற்றுலாப் பயணிகள் சாங்கி விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். அங்கே வேலை அனுமதியில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. மச்சான் அங்கே வேலை பார்த்தால் அந்த 9 சதவீதத்தைக் கழித்துக் கணக்குப் போடாதீர்கள். வாங்கும்போதே வாரண்டி அட்டையில் எந்த நாடு என்று படம் அனுப்பச் சொல்லுங்கள். சிங்கப்பூர் மட்டும் என்றிருந்தால் பழுதானதும் மறுபடி அங்கேதான் அனுப்ப வேண்டும்.

கூரியரில் நேராக வரவழைக்க நான் யோசனை சொல்ல மாட்டேன். மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறேன், பரிசு என்று எழுதுகிறேன் என்று வெளிநாட்டு விற்பனையாளர் சொல்வார். இறக்குமதியாளர் என்று பதிவாவது உங்கள் பெயர், பொறுப்பும் உங்களுடையது. இணைய விற்பனைத் தளங்களிலிருந்து பரிசு என்ற பெயரில் வரவழைப்பதை 2019 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள்.

இங்கிருந்து உங்கள் கேமராவை வெளிநாட்டுக்குக் கொண்டு போகும்போதும் ஒரு வேலை இருக்கிறது. புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் பொருளையும் பில்லையும் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி எழாது. அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பில் இல்லாத கேமராவுக்கு இங்கேயும் சங்கடம்தான்.

12. ட்ரோன் மட்டும் வேண்டவே வேண்டாம்

கேமரா கடைகளிலேயே ட்ரோனும் 'இம்போர்ட்டட்' என்று விற்கிறார்கள். முழுதாகத் தயாரான வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்வது 2022 பிப்ரவரி 9 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறைகளுக்கு மட்டும் விலக்கு. ஆகவே அதற்குப் பின் வந்த ட்ரோனை விற்பவர் எந்தப் பில் கொடுத்தாலும் அது உங்களைக் காக்காது. கல்யாண மண்டபத்தின் மேல் பறக்கவிட்டுக் காவல் துறையிடம் மாட்டினால், கருவியோடு வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போய்விடும்.

13. தகராறு வந்தால்

முதலில் கடைக்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். கோளாறு என்ன, எப்போது சொன்னீர்கள், என்ன வேண்டும், எத்தனை நாள் அவகாசம் என்று நான்கே வரி போதும். வாய்ப்பேச்சில் எத்தனை வாரம் போனாலும் அது கணக்கில் வராது.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், டில்லிக் கடையானாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் செய்துவிட வேண்டும். பில், கடை வாரண்டி எழுதிய தாள், பெட்டி பிரித்த வீடியோ, சர்வீஸ் சென்டர் கொடுத்த மறுப்பு மின்னஞ்சல், நீங்கள் அனுப்பிய கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பாகச் சேர்த்துப் பதிவேற்றுங்கள். சர்வீஸ் சென்டரில் பொருளைக் கொடுக்கும்போது தரும் ஜாப் ஷீட்டையும் அதில் சேருங்கள். அதில் பழுதின் காரணத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். 'தண்ணீர் போயிருக்கிறது', 'கீழே விழுந்திருக்கிறது' என்று கடைக்காரர் பிறகு சொல்லும்போது, எதிரே வைக்க உங்களிடம் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.